டல்லாஸில் சம்பளம், சென்னையில் வாடகை: இரு நாடுகளுக்கும் வருமான வரிக் கணக்கு காட்டும் முறை

அமெரிக்காவில் எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் ஒரு ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டு, வங்கியில் கொஞ்சம் பணத்தை வைப்பாகப் போட்டு வைத்திருக்கும் தமிழர்களிடம் இரண்டு எண்ணங்கள் பரவலாக இருக்கின்றன. "அங்கேதான் டி.டி.எஸ். பிடித்துவிட்டார்களே, இங்கே மறுபடியும் எதற்குக் காட்ட வேண்டும்?" என்பது ஒன்று (டி.டி.எஸ். என்பது வருமானத்தைக் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும் வரி). "இந்தியாவில் வரி கிடையாது என்றால் அமெரிக்காவிலும் கிடையாது" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. இரு நாடுகளுக்கும் ஒழுங்காகக் கணக்கு காட்ட விரும்புகிறவருக்கு எந்த வரிசையில் எதைச் செய்வது என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் வரும் இந்தியப் படிவ எண்களும் பிரிவு எண்களும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தைச் சேர்ந்தவை. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய வருமானத்துக்கு எண்கள் மாறும், அடிப்படை மாறாது.

முதலில் உங்கள் குடியிருப்பு நிலை

வரி விஷயத்தில் குடியுரிமையைவிட, நீங்கள் எத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பதே பெரும்பாலும் முக்கியம். அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருந்தால் கேள்வியே இல்லை, நீங்கள் வரி நோக்கில் குடியிருப்பாளர். விசாவில் இருப்பவருக்கு நாள் கணக்கு உண்டு: நடப்பு ஆண்டில் குறைந்தது 31 நாட்கள் இருந்திருக்க வேண்டும், அதோடு நடப்பு ஆண்டின் நாட்கள் முழுமையும், முந்தைய ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கும் முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கும் சேர்ந்து 183ஐத் தொட வேண்டும். எஃப்-1 விசாவில் படிக்க வந்த மாணவரின் நாட்கள் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு இந்தக் கணக்கில் சேராது, அவர் குடியிருப்பாளர் அல்லாதவருக்கான 1040-என்.ஆர். கணக்குப் படிவத்தையும், நாட்கள் சேராது என்பதைத் தெரிவிக்கும் 8843 படிவத்தையும் கொடுத்தால் போதும், ஊரிலுள்ள வருமானத்தை அமெரிக்காவுக்குக் காட்ட வேண்டியதில்லை. இந்திய மாணவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி, குடியிருப்பாளர் அல்லாதவராக இருந்தும் அவர்கள் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எனப்படும் நிலைக்கழிவைப் பெறலாம்.

குடியிருப்பாளர் ஆகிவிட்டால், உலகின் எந்த மூலையில் வந்த வருமானமும் 1040 என்ற அமெரிக்க வருமான வரிப் படிவத்தில் ஏற வேண்டும்.

இந்தியாவில் கணக்கு நிதியாண்டு வாரியாக நடக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் விடுமுறைக்கு வந்து செல்லும்போது, ஒரு நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் பொதுவாக வெளிநாடுவாழ் இந்தியராகவே கருதப்படுவார். ஆனால் அவரது இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இந்த வரம்பு 120 நாளாகச் சுருங்கிவிடும். கோவிட் காலத்தைப் போல் நீண்ட நாட்கள் ஊரில் தங்கி அங்கிருந்தே வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடவுச்சீட்டில் விழும் முத்திரைகளையும் விமானச் சீட்டுகளையும் ஒரு கோப்பில் வைத்திருப்பது நல்லது. நாள் கணக்கில் தகராறு வந்தால் அவைதான் சாட்சி.

வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவில் ஈட்டிய வருமானத்துக்கு மட்டுமே அங்கு வரி கட்டுகிறார். டல்லாஸ் சம்பளத்தை இந்திய வருமானவரித் துறைக்குக் காட்ட வேண்டியதில்லை. சிக்கல் ஒரு பக்கமாகத்தான் வருகிறது: இந்திய வருமானத்தை இரண்டு நாடுகளும் கேட்கின்றன. 1989 செப்டம்பரில் கையெழுத்தாகி 1990 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய-அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இதற்குத் தரும் விடை எளியது. வருமானம் பிறந்த நாடு முதலில் தன் வரியை எடுத்துக்கொள்ளும்; நீங்கள் வாழும் நாடு தன் வரியைக் கணக்கிட்டு, அங்கே கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேட்கும். இந்தக் கழிவுக்குத்தான் ஃபாரின் டாக்ஸ் கிரெடிட், அதாவது வெளிநாட்டு வரி வரவு, என்று பெயர். படிவம் 1116.

அங்கே விலக்கு, இங்கே வரி

வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ஊரில் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. வங்கி மேலாளர் அதைச் சொல்லித்தான் பணத்தை வாங்கியிருப்பார், அவர் சொன்னது பொய்யும் அல்ல. ஆனால் அமெரிக்காவுக்கு அது வெறும் வட்டி வருமானம். 1040-உடன் சேரும் வட்டி அட்டவணையான ஷெட்யூல் பி-யில் ஏறி உங்கள் சம்பள விகிதத்திலேயே வரிக்கு உட்படும். பி.பி.எஃப். வட்டியும் அப்படியே. இந்தியாவில் வரி கட்டாததால் கழிப்பதற்கு வரவும் இல்லை. ஏழு சதவீத வட்டி என்று கணக்குப் போட்டு டாலரை ஊருக்கு அனுப்புகிறவர், அதில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.-க்குப் போகும் என்பதையும், ரூபாய் சரிந்தால் அதுவும் தன் கணக்கில்தான் விழும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் தனி வகைத் தலைவலி. அமெரிக்கச் சட்டம் இவற்றைப் 'பிஃபிக்' எனப்படும் வெளிநாட்டுச் செயலற்ற முதலீட்டு நிறுவனங்களாகப் பார்க்கிறது. ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியாக 8621 படிவம் கொடுக்க நேரலாம்; எந்த முறையையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால், விற்கும்போது வரும் லாபத்தை வைத்திருந்த ஆண்டுகள் முழுவதற்கும் பகிர்ந்து, ஒவ்வொரு ஆண்டுக்கும் அந்தந்த ஆண்டின் உச்ச விகிதத்தில் வரி போட்டு, அதற்கு வட்டியும் சேர்ப்பார்கள். மாதம் ஐயாயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. போட்டவர், அந்தப் படிவத்தை நிரப்பும் கணக்காளருக்கு லாபத்தைவிட அதிகக் கட்டணம் கொடுக்க நேர்வதும் உண்டு. அமெரிக்காவுக்குப் புறப்படுமுன் இவற்றை விற்றுவிடுவதே உத்தமம் என்பது என் கருத்து. பங்குகளை நேரடியாக வைத்திருப்பதில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

இன்னொரு செய்தி மாநிலம் பற்றியது. டெக்சாஸில் தனிநபர் வருமான வரியே இல்லை என்பதால் இங்கிருப்பவருக்கு ஒரு வேலை மிச்சம். கலிஃபோர்னியாவிலோ வெளிநாட்டில் கட்டிய வரிக்கு மாநிலம் எந்த வரவும் தருவதில்லை. ஃப்ரீமான்ட்டில் இருப்பவர் சென்னை வாடகைக்கு மாநில வரியைத் தனியாகக் கட்டத்தான் வேண்டும்.

தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

இந்தியாவின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, அமெரிக்காவின் ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வங்கி தரும் வட்டிச் சான்றிதழ், இந்திய வருமானவரித் துறையின் பதிவுகளான படிவம் 26ஏ.எஸ்., ஏ.ஐ.எஸ். எல்லாமே நிதியாண்டுக்கு உரியவை. அவற்றை அப்படியே எடுத்து 1040-இல் போட முடியாது. ஆகவே ஓர் எக்செல் தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே வட்டி, வாடகை, பிடித்த வரி, செலவு ஆகியவற்றை ரூபாயில் குறித்துவிடுங்கள். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை கூட்டினால் அமெரிக்கக் கணக்கு, ஏப்ரலிலிருந்து மார்ச் வரை கூட்டினால் இந்தியக் கணக்கு. இந்த ஒரு தாள் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது தாக்கல் செய்யும் வரிசை. அமெரிக்கக் கெடு ஏப்ரல் 15. இந்தியக் கெடு வழக்கமாக ஜூலை 31. நாள் வரிசைப்படி அமெரிக்கா முதலில் வருவதால் எல்லோரும் அதை முதலில் முடிக்கிறார்கள். நான் இதை மாற்றிச் செய்யச் சொல்வேன். ஏப்ரல் 15க்குள் 4868 படிவம் கொடுத்து அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்குங்கள். ஆனால் இது தாக்கல் செய்வதற்கான அவகாசம் மட்டுமே, பணம் கட்டுவதற்கானது அல்ல என்பதால், வரக்கூடிய வரியை உத்தேசமாகக் கணக்கிட்டு ஏப்ரல் 15க்குள்ளேயே கட்டிவிடுங்கள். பிறகு ஜூலைக்குள் இந்தியாவில் ஐ.டி.ஆர்.-2 என்ற வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள் (வெளிநாடுவாழ் இந்தியர் ஐ.டி.ஆர்.-1ஐப் பயன்படுத்த முடியாது). இந்தியாவில் உங்கள் உண்மையான வரி எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் அமெரிக்கக் கணக்கை முடியுங்கள்.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம்.

ஒரு கணக்கு

டல்லாஸில் வசிக்கும் ஒருவருக்கு இந்திய வருமானத்தைப் போடும் என்.ஆர்.ஓ. கணக்கில் 20 லட்சம் ரூபாய் வைப்பு, 7 சதவீதம். காலாண்டுக்கு 35,000 வீதம் ஆண்டுக்கு 1,40,000 ரூபாய் வட்டி. வேளச்சேரி ஃப்ளாட்டுக்கு மாத வாடகை 30,000, ஆண்டுக்கு 3,60,000. வங்கி 31.2 சதவீதம் பிடித்தது: 43,680. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் வாடகைக்குக் குடியிருப்பவரும் 195ஆம் பிரிவின்படி அதே விகிதத்தில் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் (பல வாடகைதாரர்களுக்கு இது தெரியாது, பல வீட்டுக்காரர்கள் சொல்வதும் இல்லை). இவருடைய வாடகைதாரர் ஒழுங்கானவர், 1,12,320 பிடித்தார். ஆக மொத்தம் 1,56,000 ரூபாய் டி.டி.எஸ்.

இப்போது 2025-26 நிதியாண்டின் இந்தியக் கணக்கு. வாடகையில் மாநகராட்சி சொத்து வரி 6,000 போக 3,54,000; அதில் பிரிவு 24இன்படி 30 சதவீதம், அதாவது 1,06,200 கழிந்தால் 2,47,800. வட்டியைச் சேர்த்தால் 3,87,800. புதிய வரி முறையில் அந்த ஆண்டுக்கான அடிப்படை விலக்கு 4 லட்சம். எனவே வரி பூஜ்யம். பிடித்த 1,56,000 ரூபாயும் திரும்ப வர வேண்டியது. வருமானம் விலக்குக்குக் கீழே இருந்தாலும் இவர் தாக்கல் செய்தே ஆக வேண்டும்: பிடித்த வரி 25,000 ரூபாயைத் தொட்டாலே தாக்கல் கட்டாயம், தவிரவும் தாக்கல் செய்யாமல் பணம் திரும்பாது.

அதே வருமானம் அமெரிக்காவில் வேறு உருவம் எடுக்கிறது. அங்கே 30 சதவீதக் கழிவு என்று ஒன்று இல்லை. உண்மைச் செலவையும் தேய்மானத்தையும் வாடகைக்கான ஷெட்யூல் ஈ-யில் காட்ட வேண்டும். நிலத்தின் மதிப்பை நீக்கிக் கட்டடத்தின் விலை 45 லட்சம் என்றால், 2018 முதல் வாடகைக்கு விடப்பட்ட வெளிநாட்டுக் குடியிருப்புக்கு 30 ஆண்டுகள் என்ற கணக்கில் ஆண்டுக்கு 1,50,000 தேய்மானம் (அமெரிக்காவிலுள்ள வீட்டுக்கு 27.5 ஆண்டுகள், மென்பொருள் பெரும்பாலும் அதைத்தான் தானாகப் போடும், மாற்றிவிடுங்கள்). சொத்து வரி 6,000, அடுக்குமாடிப் பராமரிப்பு 36,000 ஆகியவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 1,68,000. வட்டியோடு சேர்த்து 3,08,000 ரூபாய். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 3,623 டாலர். இவர் 22 சதவீத அடுக்கில் இருந்தால் அமெரிக்க வரி ஏறத்தாழ 797 டாலர்.

ஏப்ரலிலேயே அவசரப்பட்டுத் தாக்கல் செய்கிறவர், பிடித்த 1,56,000 ரூபாயை, அதாவது 1,835 டாலரை, 'வெளிநாட்டில் கட்டிய வரி' என்று 1116-இல் எழுதிவிடுவார். சென்னை வருமானத்தின் மேல் ஒரு டாலர் வரி இல்லை என்று மென்பொருளும் சொல்லிவிடும். ஜூலையில் இந்தியாவில் தாக்கல் செய்வார், அதே பணம் முழுவதும் அவர் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். கட்டாத வரிக்கு வரவு வாங்கியாயிற்று. திருத்திய கணக்கு கொடுத்து 797 டாலரையும் அதற்கான வட்டியையும் கட்டுவது அவர் கடமை. கட்டாவிட்டால் அது தவறான தாக்கல். திரும்பக் கிடைக்கக்கூடிய வரி, கட்டிய வரி ஆகாது.

நுணுக்கமாகப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கேட்கலாம். 2025ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கில் சேரும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான தொகை 2024-25 நிதியாண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டின் அடிப்படை விலக்கு 3 லட்சம்தானே என்று. சரிதான். அதே 3,87,800 ரூபாய்க்கு அந்த ஆண்டில் செஸ் உட்பட சுமார் 4,566 ரூபாய் வரி வரும். உள்நாட்டவருக்குக் கிடைக்கும் 87ஏ தள்ளுபடி வெளிநாடுவாழ் இந்தியருக்குக் கிடையாது. அதில் கால் பங்கு, அதாவது பதின்மூன்று டாலர், 2025 அமெரிக்கக் கணக்கில் நியாயமாக வரவு வைக்கத்தக்கது.

இதுவரை சொன்னது, வரி கட்டப்பட்ட ஆண்டை அடிப்படையாகக் கொண்ட முறை. வரி கட்ட வேண்டியதான ஆண்டை அடிப்படையாகக் கொள்ளும் முறையையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் பின்வரும் ஆண்டுகள் அனைத்துக்கும் அதுவே. பயன்படுத்தாமல் மிஞ்சும் வரவை ஓராண்டு பின்னோக்கியும் பத்தாண்டு முன்னோக்கியும் எடுத்துச் செல்ல முடியும் என்பதால், ஆண்டுகள் ஒத்துப்போகாத சிக்கல் ஓரளவு தானே தீர்ந்துவிடுகிறது.

வருமானம் பெரிதாக இருப்பவருக்கு இன்னொரு கண்ணி உண்டு. ஒப்பந்தத்தின்படி வட்டிக்கு இந்தியா பொதுவாக 15 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. அந்த உரிமையைக் கேட்காமல் 30 சதவீதம் கட்டிவிட்டு முழுவதற்கும் அமெரிக்காவில் வரவு கேட்டால், கூடுதலாகக் கட்டியது உங்கள் விருப்பம் என்று ஐ.ஆர்.எஸ். தள்ளிவிடும். ஒப்பந்த விகிதம் வேண்டுமென்றால் அமெரிக்கக் குடியிருப்பாளர் என்ற சான்றிதழ், அதாவது படிவம் 6166, தேவை. அதற்கு 8802 படிவத்தில் 85 டாலர் கட்டணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும்; வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் முன்கூட்டியே கேளுங்கள். அதோடு இந்திய வருமானவரித் தளத்தில் 10எஃப் படிவத்தையும் நிரப்பி வங்கிக்குக் கொடுத்தால், தொடக்கத்திலேயே குறைத்துப் பிடிப்பார்கள்.

கணக்குகளைத் தெரிவிக்கும் கடமை

வரி கட்டுவது ஒன்று, கணக்கு வைத்திருப்பதைச் சொல்வது வேறொன்று. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உங்கள் நிதிக் கணக்குகள் அனைத்தின் அதிகபட்ச இருப்பும் சேர்ந்து, ஆண்டில் ஒருநாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்-பார் எனப்படும் ஃபின்சென் 114 படிவம் கொடுக்க வேண்டும் (ஃபின்சென் என்பது அமெரிக்கக் கருவூலத் துறையின் நிதிக் குற்றத் தடுப்புப் பிரிவு). இது ஐ.ஆர்.எஸ்.-க்கு 1040-உடன் போவதல்ல. ஃபின்சென் தளத்தில் தனியாகத் தாக்கல் செய்வது. கெடு ஏப்ரல் 15. கேட்காமலேயே அக்டோபர் 15 வரை நீள்கிறது.

முதல் ஆண்டில் நான் இதில் தவறினேன். என் பெயரில் மட்டும் இருந்த கணக்கில் மூவாயிரம் டாலர் அளவுதான் இருந்தது; எனக்கு இது பொருந்தாது என்று விட்டுவிட்டேன். அப்பா ஓய்வுபெற்றபோது வந்த 18 லட்சம் ரூபாயைப் போட்ட கணக்கில், "நாளைக்கு ஒண்ணுன்னா நீதானேப்பா பார்க்கணும்" என்று என் பெயரையும் சேர்த்திருந்தார். அதில் ஒரு ரூபாய் என்னுடையதில்லை. ஆனால் கூட்டுக் கணக்கு என்றால் உங்கள் பங்கை அல்ல, முழு இருப்பையும் காட்ட வேண்டும். கையெழுத்திடும் அதிகாரம் மட்டும் இருந்தாலும் காட்ட வேண்டும். பிந்தி அனுப்பினேன், விளக்கமும் எழுதினேன். வட்டி அப்பாவுடையது என்பதால் அதற்கு நான் வரி கட்ட வேண்டியதில்லை, கணக்கைத் தெரிவித்தால் போதும். உங்கள் பெற்றோரின் பாஸ்புக்கில் முதல் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; யார் யார் பெயர் இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

வேண்டுமென்றே செய்யாத தவறுக்கும் ஒரு படிவத்துக்குப் பத்தாயிரம் டாலர் வரை (விலைவாசிக்கேற்ப இந்த உச்சவரம்பு உயரும்) அபராதம் சட்டத்தில் உண்டு. ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக அல்ல, ஓர் ஆண்டின் படிவத்துக்கு ஒன்று என்று 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல ஆண்டுகள் விட்டுப்போயிருந்தால், மூன்று ஆண்டு வரிக் கணக்கையும் ஆறு ஆண்டு எஃப்-பாரையும் கொடுத்துச் சரிசெய்யும் ஸ்ட்ரீம்லைன்டு முறை இருக்கிறது. அந்த நிலையில் தானாக எதையும் செய்யாமல் ஒரு நிபுணரைப் பார்த்துவிடுங்கள்.

இதைப் போன்றதே 8938 படிவமும். இது 1040-உடன் போகும். அமெரிக்காவில் வசிக்கும் தனி நபரின் வெளிநாட்டு நிதிச் சொத்துகள் ஆண்டு இறுதியில் 50,000 டாலரையோ இடையில் எப்போதாவது 75,000 டாலரையோ தாண்டினால் இதைக் கொடுக்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் இரண்டும் இருமடங்கு. ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்று தேவையில்லை என்பது இல்லை.

நாணய மாற்று விகிதமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. வருமானத்துக்கு ஆண்டுச் சராசரி, எஃப்-பாருக்குக் கருவூலத் துறையின் டிசம்பர் 31 விகிதம், கட்டிய வரிக்குக் கட்டிய நாளின் விகிதம். வீட்டின் தேய்மானத்துக்கோ வாங்கிய நாளின் விகிதம்.

விற்பனையும் ஊர் திரும்புதலும்

வீட்டை விற்கும்போது வாங்குபவர், உள்நாட்டுக்காரரிடம் வாங்குவதுபோல் 1 சதவீதம் பிடித்துவிட்டுப் போவது அடிக்கடி நடக்கும் பிழை. வெளிநாடுவாழ் இந்தியரிடம் வாங்கினால் 195ஆம் பிரிவு. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் சர்சார்ஜும் செஸ்ஸும். முழு விற்பனை விலையின் மேல் பிடிக்காமல் லாபத்தின் மேல் மட்டும் பிடிக்க வேண்டுமென்றால், விற்பதற்கு முன்பே 13ஆம் படிவத்தில் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்க வேண்டும். பத்திரப் பதிவுக்குப் பிறகு யோசித்துப் பயனில்லை.

ஊர் திரும்புகிறவருக்கு நிலைமை தலைகீழாகும். முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வெளிநாடுவாழ்பவராக இருந்தவர் சில காலம் 'சாதாரணமாகக் குடியிருக்காதவர்' என்ற இடைநிலையில் இருப்பார். அப்போது அமெரிக்க வட்டிக்கும் ஈவுத்தொகைக்கும் இந்தியாவில் வரி வராது. அது முடிந்ததும் இந்தியக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையான ஷெட்யூல் எஃப்.ஏ.-யில் அமெரிக்கக் கணக்குகளைக் காட்டவும், அங்கே கட்டிய வரிக்கு 67ஆம் படிவத்தில் வரவு கேட்கவும் வேண்டிவரும். 401(கே) எனப்படும் அமெரிக்க ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்குக்கு 10-ஈஈ படிவத்தின் வழியே, பணம் எடுக்கும்போது மட்டும் வரி என்ற ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். கிரீன் கார்டை முறைப்படி ஒப்படைக்கும் வரை 1040 தொடரும்.

கடைசியாக, ஐ.டி.ஆர்.-ஐச் சமர்ப்பித்தால் மட்டும் போதாது. 30 நாளுக்குள் சரிபார்ப்பும் முடிய வேண்டும். இந்திய கைப்பேசி எண் இல்லாதவர் நெட்பேங்கிங் வழியாகச் செய்யலாம், அல்லது கையெழுத்திட்ட ஐ.டி.ஆர்.-வி என்ற ஒப்புகைச் சீட்டைப் பெங்களூருக்குத் தபாலில் அனுப்பலாம். பான் கார்டு செயலிழந்திருக்கிறதா என்பதையும் அதே தளத்தில் பாருங்கள். ஆதார் இணைப்பிலிருந்து வெளிநாடுவாழ் இந்தியருக்கு விலக்கு இருந்தும், நிலையைப் புதுப்பிக்காததால் பலருடைய பான் முடங்கியது, அப்படியானால் திரும்பவேண்டிய பணமும் நின்றுவிடும். பணம் வந்ததும், அதோடு வருமானவரித் துறை சேர்த்துத் தரும் வட்டி எவ்வளவு என்று பிரித்துப் பார்த்து, அந்த மாதத்துக்கு நேரே உங்கள் தாளில் எழுதிவிடுங்கள். அந்த வட்டிக்கும் அடுத்த ஏப்ரலில் அமெரிக்காவில் வரி உண்டு.